ஒரு நல்லது, ஒரு குறை

ஜூன் 4

வாண்டு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் உன் அண்ணி இல்லை. கணக்கு வாத்தியார், தான் பாடி மிக்ஸ் செய்யக் கொடுத்த ஐந்தில் முதல் பாட்டைத் திருப்பிவிட்டார்.

"காதைக் கீறுதும்மா. குழுவுல கேட்டப்ப உங்க பாட்டெல்லாம் இப்படி இல்லையே" என்று செய்தி. அவ்வளவுதான். எங்கே கீறுகிறது, எத்தனையாவது நிமிஷத்தில், குரலா வயலினா, ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிற மனிதர், விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாமல் விட்டுவிட்டார்.

இன்று முழுவதும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹெட்போனில் கேட்டேன், ஸ்பீக்கரில் கேட்டேன், உன் அண்ணனின் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தும் கேட்டேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் மங்கலாகக்கூட இருக்கிறது, இன்னும் துலக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீ சிரிப்பாய். சரி, எனக்குத்தான் அது பொன் குஞ்சு. நீ என் மிக்ஸைப் போடுகிற நெட் குழுவில் இருக்கிறவர்களுக்கு என்ன வந்தது? "பல்லுக்காரி மிக்ஸ்னா கண்ண மூடிட்டு கேக்கலாம்" என்று எழுதியது அவர்கள்தானே?

அவர்களை நம்பித்தானே நான் பல் கூடத்தில் செயற்கைப் பல் செய்கிற வேலையை விட்டேன். கடைசி நாள் முதலாளி கேட்டார், "மிக்ஸுன்னா என்னம்மா, மிக்ஸி ரிப்பேரா?" நான் பொறுமையாக விளக்கினேன். "இல்லீங்க. பாடினதையும் வாசிச்சதையும் தனித்தனியா வாங்கி, எது முன்னாடி எது பின்னாடின்னு பார்த்து ஒரே பாட்டா சேர்த்துக் குடுக்கிறது." அவர் கையில் இருந்த பல் உறையைப் பார்த்தபடியே, "இதுலயும் அதைத்தானே பண்ணிட்டு இருந்தே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எதற்கும் சிரிப்பு வந்தது.

வாத்தியாரின் ஐந்து பாட்டும் நன்றாக வந்தால்தான் அவர் பள்ளிக்கூடத்தாரும் மற்றவர்களும் என்னைத் தேடி வருவார்கள். வராவிட்டால் எனக்குப் பாட்டும் இல்லை, பல்லும் இல்லை. இந்த வயதில் வேறு எதைக் கற்றுக்கொள்வேன்?

பாட்டை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. போனில் சொல்லாதே. இப்போதெல்லாம் நீ போனில் பேசினால் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் இருக்கிறது, முதலில் நல்ல போனாக வாங்கு. அதோடு, வாயால் சொன்னால் நீ குழைந்துவிடுவாய். நம் வழக்கப்படி எழுது. ஒரு நல்லது, ஒரு குறை, எத்தனையாவது நிமிஷம். மென்று முழுங்காதே.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

பாட்டு வந்தது. கேட்டேன். உடனே எழுத முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு சங்கத்துக் கூட்டத்தின் பதிவைக் கொடுத்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் என்ன சொன்னார் என்று பிரித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். நாள் முழுக்க ஹெட்போனில் அடுத்தவர்கள் சண்டையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் என் குரலே எனக்குப் பிடிப்பதில்லை.

நல்லது: டிரம்மும் பேஸும் சேர்ந்து நடக்கிற விதம்.

குறை: இரண்டாவது நிமிஷத்துக்குப் பிறகு வயலின் ஒரு துளி முன்னால் நிற்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

வாத்தியாரின் ஸ்பீக்கர் எப்படிப்பட்டதோ. சிலர் வீட்டு ஸ்பீக்கரில் எதைப் போட்டாலும் கீறும். நீங்கள் அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தப் பாட்டை ஏன் நேராக அவருக்கு அனுப்பினீர்கள்? எப்போதும் என்னிடம்தானே முதலில் வரும். நான் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தானே குழுவில் போடுவேன். மீதி நாலு பாட்டையும் எனக்கே அனுப்புங்கள். நான் அவருக்குச் சேர்த்துவிடுகிறேன்.

இதற்கு அடுத்த வரியை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும்.

முதலாளி உங்கள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டாரா? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பது எப்போதும் தப்பு இல்லை அண்ணி. கொஞ்ச நாள் இரண்டிலும் இருந்து பாருங்களேன்.

வாண்டு


ஜூன் 15

வாண்டு,

நீ அடித்த வரியை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கடிதம் முன்னாலேயே வந்திருக்கும்.

நேற்று வாத்தியார் வீட்டுக்கே போனேன். வயலினை இறக்கிவிட்டு இரண்டாம் தடவை அனுப்பியதையும் அவர் திருப்பிவிட்டார். எங்கே கீறுகிறது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லலாம் என்று போனேன். நல்ல மனிதர், நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேராகப் போட்டு என்னை உட்கார வைத்தார். பாட்டை ஓடவிட்டார். உள்ளே வேலையாக இருந்த அவர் மனைவி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கு அப்போது அது மரியாதையாகப் பட்டது. வேலை நடக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சாத்துகிறார் என்று நினைத்தேன்.

"இப்ப கேளுங்க, இங்க. இங்கதான்" என்று அவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு கேட்டது, கீறல் கேட்கவில்லை.

பிறகு அவர், குழுவில் இருக்கிற என் பழைய மிக்ஸ் ஒன்றை அதே ஸ்பீக்கரில் போட்டார். "பாருங்க, இது எவ்வளவு பதமா இருக்கு. இதைச் செஞ்ச கைதானே இதையும் செஞ்சது?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் இருக்கிற அந்தப் பாட்டை இறக்கிக்கொண்டேன். என் கம்ப்யூட்டரில் இருக்கிற அதே பாட்டையும் எடுத்தேன். இரண்டையும் படமாகப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் கோடாக வரைகிற அந்தப் படம் உனக்குத் தெரிந்ததுதான். இடது ஓரம் கனமான சத்தம், வலது ஓரம் கூர்மையான சத்தம். நீ தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் அந்தப் படத்தைத் திறந்ததே இல்லை, காது இருக்கும்போது கண் எதற்கு என்று பெருமை பேசியவள்.

என் பாட்டில் கோடு வலது பக்கம் மேலே ஏறுகிறது. குழுவில் இருப்பதில் அதே கோடு வலது பக்கம் சரிந்து இறங்குகிறது.

யாரோ ட்ரெபிளை, அந்தக் கூர்மையைக் குறைத்திருக்கிறார்கள். குழுவில் போட்டது நீ.

மற்ற பாட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே. அவர்கள் கை தட்டியது எதற்கு வாண்டு? உனக்கா, எனக்கா? நான் வேலையை விட்டது யார் செய்த மிக்ஸை நம்பி?

ஒரே ஒரு தடவை உண்மையை எழுது. அதில் நல்லது ஒன்றும் வேண்டாம்.

அண்ணி


ஜூன் 18

அண்ணி,

நான்தான். எல்லாப் பாட்டிலும் நான்தான்.

உங்கள் அம்மா இறந்த வருஷம் நீங்கள் முதன்முதலில் ஒரு மிக்ஸ் போட்டீர்கள். குழுவை நடத்துகிற தாடிக்காரர், "தகரத்தை ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்று எழுதினார். நான் அதை அப்படியே உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். அண்ணன் எனக்குப் போன் செய்தான். "அவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதையும் எடுத்துராதே. நல்லதா நாலு வார்த்தை வர்ற மாதிரி ஏதாவது பண்ணு" என்றான். அவன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த மிக்ஸும் கீறியது. நான் கொஞ்சம் ட்ரெபிளைக் குறைத்துவிட்டுப் போட்டேன். ஒரு திருகு திருப்புகிற வேலை, அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாராட்டு வந்தது. நீங்கள் போனில் பாடியே காட்டினீர்கள். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது?

இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்குக் கருத்து எழுதினால்தான் நமக்கு ஒரு கருத்து என்பது குழுவின் விதி. உங்களுக்குப் பதிலாக நான்தானே எழுதினேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் நிமிஷம் போட்டு, இடம் காட்டி, நேர்மையாகக் குறை எழுதினேன். அவர்கள் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்கள். என் சொந்த அண்ணிக்கு மட்டும் ஊட்டிவிட்டேன்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். வாத்தியாரின் பாட்டும் என் வழியாகத்தான் போகும், எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

திட்டுங்கள், அண்ணனிடம் சொல்லுங்கள், என்னிடம் பேசாமல் இருங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அவர் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் போட்டார், உங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்கிறீர்கள். அண்ணி, அது யாருக்கும் தெரிகிற வித்தியாசம். வாத்தியாரின் மனைவி கதவைச் சாத்தியது மரியாதைக்காக இல்லை.

இத்தனை நாளும் நான் உங்கள் ரசனையைத்தான் சந்தேகப்பட்டேன். சில பேருக்கு உறைப்பு பிடிக்கும், உங்களுக்குக் கீறல் பிடிக்கிறது என்று நினைத்தேன். காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருஷக்கணக்கில் பல் கூடத்தில் அலறுகிற அந்தக் கிரைண்டர் மிஷினை முகத்துக்கு நேராக வைத்துச் செயற்கைப் பல்லை ராவியிருக்கிறீர்கள். ஒரு நாளாவது காதை மூடிக்கொண்டீர்களா?

டாக்டரிடம் போங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வாண்டு


ஜூன் 21

வாண்டு,

என் காதுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால் எனக்குக் கேட்கிறது. உன் அண்ணன் படியேறுகிற சத்தத்திலேயே அவன் கோபமாக வருகிறானா என்று சொல்வேன். தப்பைச் செய்துவிட்டு என் காதில் கொண்டுவந்து முடிக்காதே.

அதை விடு. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு நேரம் இல்லை.

நேற்று பல் கூடத்துக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வருகிற மாதிரிதான் போனேன். என் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியின் உயரத்தைக்கூட மாற்றிவிட்டாள். முதலாளி, "என்னம்மா, பெரிய ஆளாயிட்டியா, எங்க ஞாபகம் எல்லாம் இருக்கா" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேலை கேட்க வந்ததைச் சொல்லாமல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வாத்தியார் மாத முடிவுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சரியாக வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டால் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதனால் ஒன்று செய். ஐந்து பாட்டையும் உனக்கு அனுப்பிவிட்டேன். இத்தனை நாள் செய்த மாதிரியே குறைத்துக் கொடு. நான் கேட்காமல் செய்தாய், இப்போது கேட்டுக்கொள்கிறேன், செய். அரை நிமிஷ வேலை என்று நீதான் எழுதினாய். உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். அவருக்கு நல்ல பாட்டு கிடைக்கும், எனக்கு ஒரு வழி பிறக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்.

நீ எனக்குச் செய்ததற்கு இது ஒன்றையாவது செய்.

அண்ணி


ஜூன் 27

அண்ணி,

செய்து பார்த்தேன். மறுக்க வேண்டும் என்று நினைத்தவள்தான், ஆனால் உட்கார்ந்து செய்து பார்த்தேன். வரவில்லை.

முன்பெல்லாம் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். இந்த ஐந்தில் நீங்கள் ஏற்றியிருக்கிற ஏற்றத்தை இறக்கினால் வாத்தியாரின் குரலும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. போர்வைக்குள் இருந்து பாடுவது போல் ஆகிவிடுகிறது. கீறலையும் குரலையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

ஏன் இப்படி என்று, முதல் பாட்டிலிருந்து நீங்கள் எனக்கு அனுப்பிய எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். நான் கை வைக்காத, நீங்கள் அனுப்பிய மூலத்தை. அண்ணி, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கூர்மை. ஒன்றுகூடத் திரும்பி இறங்கவில்லை. நீங்கள் மோசமாக மிக்ஸ் செய்துகொண்டே போகவில்லை. உங்களுக்குக் கேட்கிற அளவுக்கு ஏற்றிக்கொண்டே போயிருக்கிறீர்கள். தாடிக்காரர் எழுதிய மாதிரி இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தால் அன்றைக்கே நீங்கள் காதைப் பார்த்திருப்பீர்கள். கிரைண்டர் முன்னால் பஞ்சாவது வைத்திருப்பீர்கள். எழுதவிடாமல் செய்தது நான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

இனிமேல் ஒரு திருகையும் தொடமாட்டேன். நீங்கள் என்ன சொல்லிக் கேட்டாலும் சரி.

வாத்தியாரின் முதல் பாட்டுக்கு நான் எழுத வேண்டியிருந்த கடிதம் இது.

குறை: முதல் வரியிலிருந்தே குரல் குத்துகிறது. நாற்பதாவது வினாடியில் டிரம்மோடு தட்டுகிற வெண்கலத் தட்டு நுழைகிறது, அதற்குப் பிறகு நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது நிமிஷ வயலினில் பல் கூசுகிறது. இந்தப் பாட்டை முழுவதும் கேட்க முடியாது. வெளியே கொடுக்க முடியாது. மற்ற நான்கும் அப்படித்தான்.

நல்லது: டிரம்மும் பேஸும். போன தடவையும் இதைத்தான் எழுதினேன், அப்போதும் அது பொய் இல்லை. கீழே இருக்கிற அந்தக் கனம் குழுவில் யாருக்கும் இப்படி அமைந்ததில்லை. அது என் திருகில் வந்தது இல்லை, முழுக்க உங்களுடையது. ஆறுதலுக்கு எழுதவில்லை. எழுதுவதற்கு முன்னால் இது உண்மையா என்று மறுபடியும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

வாத்தியாரிடம் பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாண்டு


ஜூலை 9

வாண்டு,

கொடுத்துவிட்டேன். காரணத்தையும் சொல்லிவிட்டேன், உன் பங்கைச் சேர்த்து. வாத்தியார் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்துகொண்டிருந்தார். "வீட்ல பெரியவங்க யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாசல் வரைக்கும் வந்தார். வேறு என்ன செய்வார் பாவம்? குழுவில் தாடிக்காரருக்கும் நானே எழுதிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.

பல் கூடத்தில் எனக்கு இனி இடம் இல்லை. இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆமாம், போனேன். உன் அண்ணன்தான் வேனில் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான், பாதி என் காதில் விழவில்லை. விழவில்லை என்று அவனிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

கூர்மையான சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். கருவி வைக்கலாம், பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். முன்னாலேயே வந்திருந்தால் என்று தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே. இன்னும் இல்லை. காலையில் எழுந்தால் நீ எனக்கு நினைவுக்கு வருகிறாய், எரிகிறது. நீ எழுதிய அந்தக் குறையை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான் எனக்கு என்று வந்தது.

உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்தப் பரிசோதனையைச் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. என் பின்னறையில் நான் மெத்தையை நிறுத்தி வைத்திருப்பேனே, அதை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலைன்னா விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கனமான சத்தங்கள். எல்லாம் கேட்டது, அழுத்தினேன். அவை ஒரே இடைவெளியில் வந்தன. எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. இந்த இடத்தில் ஒன்று வரும், இந்த இடத்தில் ஒன்று வரும் என்று தாளத்துக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அழுத்துகிறேன். பரீட்சையில் பாஸாகிவிட வேண்டும் என்கிற வெறி. பாஸாகி யாரிடம் காட்டப் போகிறேன்? அது எனக்கே தெரியாது.

அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கோபம் எல்லாம் இல்லை.

"அம்மா, நான் இப்ப சத்தமே அனுப்பலையே."

மன்னிச்சுக்கோம்மா, முதலிலிருந்து போடு என்றேன். அவள் போய் உட்கார்ந்து மறுபடியும் தொடங்கினாள். கண்ணாடி வழியாக அவள் கை தெரிந்தது. திருகைத் திருப்புகிறாள், விசையை அழுத்துகிறாள், என்னைப் பார்க்கிறாள். மறுபடியும் திருப்புகிறாள், அழுத்துகிறாள், பார்க்கிறாள். அவள் அனுப்புகிறாள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. கட்டைவிரல் பட்டன் மேலேயேதான் இருந்தது.

இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி